அரை இஞ்ச்

கண்ணாடிக் கதவு பாதி திறந்து, சமையல் மேடையின் விளிம்பில் முட்டி நின்றது.

"அரை இஞ்ச்தான் இடிக்குது," என்றாள் அவள்.

"அரை இஞ்ச் இளைச்சுட்டு வரட்டுமா?" என்றார் கணவர். அந்த வீட்டில் சமையல் அவர் கையில்.

அவள் சமையலறை வடிவமைப்பவள். யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "எதைப் பார்த்து நின்னு சமைக்கணும் உங்களுக்கு?" கணவரிடம் மட்டும் கேட்டதில்லை. "பதினெட்டு வருஷமா இந்தச் சுவரோடதான் குடும்பம் நடத்துறேன்," என்று அவர் ஒருநாள் சிரித்தபடி சொன்னது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சுவரை இடித்து, தோட்டம் தெரியக் கண்ணாடிக் கதவு வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்று அவர் தொடங்கியபோது, அவள் அளவு நாடாவை இழுத்திருந்தாள்.

கல் பதிக்கிறவர் மேடையை வெட்டினார். கதவு திறந்தது. ஆனால் அடுப்பு திறந்த கதவின் ஓரத்திலேயே இருந்தது. காற்றில் தீ அணைந்தது.

கதவை மூடினார்கள். ஆவி படிந்து தோட்டம் மறைந்தது.

"இப்பவும் சுவர்தான். வெள்ளையடிச்ச சுவர்," என்றார் அவர்.

கதவைத் திறந்துவைத்து, அடுப்பருகே காற்றுக்கு ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்தாள். குழம்பை எட்டிப் பார்த்தவரின் நெற்றி அதில் மோதியது.

"நல்லாத் துடைச்சிருக்கே," என்று நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் சரியாக வரைந்த கை, இவருக்கு மட்டும் ஏன் தப்பு தப்பாக வரைகிறது?

கடைசியில் அடுப்பை ஹாலைப் பார்த்த தனி மேடைக்கு மாற்றினாள். இடம் வேண்டுமே. இத்தனை வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால் ஹாலில் கிடந்த தன் வரைபட மேசையை மாடிக்கு ஏற்றினாள்.

மேடை நின்றது. எதிரே ஹாலின் வெறும் சுவர்.

"மன்னிச்சுக்கோங்க. தோட்டம் உங்க முதுகுப் பக்கம் போயிடுச்சு."

"பரவாயில்ல விடு," என்றவர், மேசை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல் பதிக்கிறவர் கரணையைக் கழுவியபடி சொன்னார்: "தோட்டத்த யாரு மேடம் கேட்டா? நீங்க வரையறதப் பார்த்துக்கிட்டே சமைக்கணும், அடுப்ப உங்க மேசைப் பக்கம் திருப்ப முடியுமான்னுதான் சார் முதல் நாளே என்கிட்ட கேட்டாரு."