பி.டி. பீரியடுக்கு விலக்கு

"எண்பதுக்கு எழுபத்தொண்ணா?" நீலகண்டன் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மாத்துல கணக்குல எழுபத்தஞ்சுக்குக் கீழே யாருடி வாங்கியிருக்கா?"

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பத்மப்ரியா, வேர்வை காயாத யூனிஃபார்மோடு நின்றாள். "ஒரு கணக்கு தப்பாயிடுத்துப்பா. அதனால என்ன?"

அந்த அலட்சியம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. குற்றவாளியை அன்றே கண்டுபிடித்தார்: பி.டி. பீரியட். மகளுக்கு மூச்சுத் தொந்தரவு என்று தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பொய். மற்ற பிள்ளைகள் ஓடிய நேரத்தில் பத்மப்ரியா லைப்ரரியில் கணக்குப் போட்டாள்.

அடுத்த பரீட்சையில் அறுபத்திரண்டு.

"சைக்கிள் மிதிச்ச களைப்பு" என்று முடிவுசெய்து, ஸ்கூட்டரில் அவரே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார்.

அதற்குள் கடிதச் சேதி அவர்கள் குடியிருந்த கிழக்கேகோட்டைத் தெருக்களுக்கு வந்துவிட்டது. பழவங்காடி கணபதி கோயிலில் அடுத்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"கொழந்தைக்கு மூச்சு வாங்கறதாமே, ஓய்? நல்ல கஷாயம் இருக்கு. நானே கொண்டு தரேன்."

பொய் எழுதினேன் என்று நீலகண்டனால் சொல்ல முடியுமா? தலையாட்டினார். குடும்ப மானத்துக்காகப் பத்மப்ரியா மூன்று வாரம் கஷாயம் குடித்தாள்.

"லெட்டர் எழுதினது நீங்க. கஷாயத்தையும் நீங்களே குடிக்கலாமே?" என்றாள் மனைவி சீதாலக்ஷ்மி.

மூன்றாவது பரீட்சையில் நாற்பத்தொன்பது. ஐந்து கேள்விகளுக்கு விடையே இல்லை.

"தெரியலையாடி?"

"தெரியும்ப்பா." அவள் தரையைப் பார்த்தாள். "தப்பாயிடுமோன்னு பயமா இருந்தது. எழுதலை."

நீலகண்டனுக்கு அந்த எழுபத்தொன்று இப்போது எட்டாத உயரத்தில் தெரிந்தது. அதைவிட, "அதனால என்ன?" என்று கேட்ட பெண்ணைக் காணவில்லை.

மறுநாள் காலை அவர் பள்ளி மைதானத்தில் நின்றார். கடிதம் பொய் என்று மலையாளியான பி.டி. ஆசிரியர் ஷாஜியிடம் தலைகுனிந்து சொன்னார். சொல்லி முடித்ததும் முதுகு பழையபடி நிமிர்ந்துகொண்டது.

"இனிமே அவ ஓடட்டும். ஆனா, முன்னே மாதிரியே முதலா வரணும். எங்காத்துல ரெண்டாவது இடம் பழக்கமில்லை."

ஷாஜி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"முதலாவா? சாரே, அந்தக் குட்டி எப்பவும் கடைசியாக்கும் வரும். வந்துட்டு, 'இன்னொரு தடவை ஓடலாமா சார்'னு கேக்கற ஒரே ஆளும் அவதான்."