எதிர்த்தரப்பு யார்?

"பொய் சொல்ல மாட்டன்," என்றார் சிவமணி.

"இது பொய்யில்லை. சோதினை," என்றாள் அவர் மனைவி மிருணாளினி.

"இந்தத் தாளில என்ர பேர் பீட்டர் எண்டு கிடக்கு. வீட்டுக்காரன் என்னைத் துரத்திப் போட்டான் எண்டு கிடக்கு. கந்தசஷ்டி விரதம் பிடிச்சுக்கொண்டு இதை எப்பிடிச் சொல்லுறது?"

"கொஞ்ச நேரம் பீட்டரா இருந்தால் முருகன் கோவிக்க மாட்டார்."

"அவர் கோவிக்க மாட்டார். எனக்குத்தான் தொண்டைக்குள்ள நிக்கும்."

மிருணாளினிக்குப் பகலில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. மாலையில் ஒரு கல்லூரியில் வழக்கறிஞருக்கு உதவியாளராவதற்கான பாராலீகல் படிப்பு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. கட்சிக்காரராக நடிக்க யாரையாவது கூட்டிக்கொண்டு போய், ஆசிரியைக்கு முன்னால் அவரை முறைப்படி விசாரித்துக் காட்ட வேண்டும். தேறினால் ஹரிஸ் பார்க்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. தேறாவிட்டால் அந்தக் கதிரையில் வேறு யாரோ இருப்பார்கள்.

ஒருமுறை தவறிவிட்டாள். அன்று கட்சிக்காரியாக நடித்த தோழி உருக்கமாக அழுதாள். மிருணாளினியும் கூடச் சேர்ந்து அழுது, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மறந்தே போனாள். எதிர்த்தரப்பு யார்? அது நமக்கு வேண்டியவர் என்றால் அந்த வழக்கை அலுவலகம் தொடக்கூடாது.

"இரக்கம் நல்லது. ஆனால் கேள்வி முதலில்," என்று சொல்லி ஆசிரியை ஹெலன் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்.

சிவமணி அசையவில்லை. மிருணாளினி எதிர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே வெங்கட்ராமன், சென்னைக்காரர், கணினி வேலை. தாளை ஆவலோடு வாங்கிக்கொண்டார்.

"அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு. காலேஜ்ல நான் நடிக்காத நாடகமா?"

"எழுதினபடியே சொல்லுங்கோ அண்ணா. அது காணும்."

தன்னால்தானே இந்தச் சிரமம் என்று சிவமணியும் துணைக்குப் புறப்பட்டார். வெங்கட்ராமனின் மனைவி ராதா எல்லோரையும் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். வழி முழுக்க வெங்கட்ராமன் தாளைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"இந்த பீட்டர் கதையில உயிரே இல்லையே, மிருணா."

"உயிர் வேண்டாம் அண்ணா. பாஸ் பண்ணினால் காணும்."

ராதா வெளியே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். சிவமணி அறையின் பின்வரிசையில் கைகட்டி அமர்ந்தார். ஹெலன் தலையசைத்ததும் விசாரணை ஆங்கிலத்தில் தொடங்கியது.

"உங்கள் பெயர்?"

"வெங்கட்ராமன்."

மிருணாளினியின் பேனா நின்றது. "உங்கள் பிரச்சினை?"

"என் வீட்டு வாசலில் நின்ற காரை யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டார்கள்."

ஹெலன் தன்னிடமிருந்த தாளைப் புரட்டினார். புருவத்தை உயர்த்தி, தொடரும்படி கை காட்டினார்.

தன் சொந்தக் குறையைச் சொல்லுவதற்கு யாருக்கும் ஒத்திகை தேவையில்லை. வெங்கட்ராமன் பொரிந்து தள்ளினார். "பின்கதவு நசுங்கிவிட்டது. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கவில்லை. மனசாட்சி இல்லாத பிறவி."

பின்வரிசையில் சிவமணி இருமினார்.

"எங்கள் தெருவில் மனிதர் என்றால் எதிர் வீட்டுச் சிவமணி ஒருவர்தான். அது நடந்த வாரத்திலிருந்து எங்கள் குப்பைத் தொட்டியை அவரே தெருவில் கொண்டுபோய் வைக்கிறார், அவரே திரும்ப உள்ளே வைக்கிறார். புல் வெட்டுகிறார். வடை கொண்டுவந்து தருகிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்."

இருமல் பலத்தது. தங்கள் வீட்டுப் புல் முழங்கால் உயரம் நிற்க, இவர் ஏன் எதிர் வீட்டுப் புல்லை வெட்டுகிறார் என்று மிருணாளினியும் பலமுறை யோசித்ததுண்டு. இப்போது அதை யோசிக்க நேரமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எதிர்த்தரப்பு யார் என்று தெரியுமா?"

"தெரியாது."

"நான்தான்," என்று பின்னால் தமிழில் ஒரு குரல் வந்தது.

சிவமணி எழுந்து நின்றார். "காரைப் பின்னுக்கு எடுக்கேக்க டொக் எண்டு ஒரு சத்தம் கேட்டது. மழை. குப்பைத் தொட்டியாக்கும் எண்டு நினைச்சுப் போட்டன். விடியப் பார்த்தால் உங்கட கதவு நெளிஞ்சு கிடக்கு. சொல்லத்தான் வந்தனான், வெங்கட். நீங்கள் ரோட்டில நிண்டு கத்தின கத்தலில அப்பிடியே திரும்பிப் போட்டன்."

வெங்கட்ராமன் கதிரையோடு திரும்பிப் பார்த்தார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஹெலன்.

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. விரதம், தலை சுற்றுகிறதாம் என்று ஒரு வரி சொன்னால் போதும். விசாரணை முடியும், வேலை கிடைக்கும். மிருணாளினி கணவரைப் பார்த்தாள். வெறும் வயிற்றோடு, பீட்டராக இருக்க மாட்டேன் என்ற மனிதர், இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

அவள் கோப்பை மூடினாள்.

"திரு வெங்கட்ராமன், உங்கள் வழக்கை எங்கள் அலுவலகம் ஏற்க முடியாது. எதிர்த்தரப்பு என் கணவர். தயவுசெய்து வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்."

சொல்லி முடித்ததும் ஹரிஸ் பார்க் வேலை கண்ணுக்கு முன்னால் மறைந்துகொண்டு போனது.

"இது நடிப்பா?" என்றார் ஹெலன்.

"இல்லை. இவர் அவருடைய காரை இடித்தது உண்மை. இவர் என் கணவர் என்பதும் உண்மை."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குவதற்காகத்தான் துடைக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. "அந்தக் கேள்வியைக் கேட்க எல்லோரும் பழகிவிடுகிறார்கள். பதில் கசந்தால் கோப்பை மூடுகிறவர்கள் குறைவு. நீங்கள் தேறிவிட்டீர்கள்."

மிருணாளினி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முருகா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெங்கட்ராமன் நேரே சிவமணியிடம் போனார். "என்ன சிவா, இதைப் போய் இவ்வளவு நாளா மனசுல வச்சிக்கிட்டு. ஒரு தகரத்துக்கா?"

"நீங்கள் பிறவி எண்டு சொன்னது..."

"அதை வாபஸ் வாங்கிட்டேன். வடையை மட்டும் நிறுத்திடாதீங்க."

மன்னிப்புக் கிடைத்த மனிதருக்கு எடை குறைவதை மிருணாளினி அன்று கண்ணால் பார்த்தாள். பட்டினி கிடந்தவர் துள்ளிக்கொண்டு வெளியே போனார். நடந்த கதையை வெங்கட்ராமனே ராதாவுக்குச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிவமணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, பரிசுப் பொருளைக் காட்டுவதுபோல் அந்த நசுங்கலைக் காட்டக் கார்ப் பக்கம் நடந்தார்.

ராதா சிரிக்கவில்லை. அவர்கள் தூரமாகப் போகும்வரை பார்த்திருந்து, மிருணாளினியின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அந்தக் கார்க் கதவை ஷாப்பிங் சென்டர் தூண்ல இடிச்சது நான். அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா என் கேஸை நீங்க எடுத்துக்கலாம்ல? நாம ஒண்ணும் சொந்தம் இல்லையே."