கட்டிப்போட்ட வாய்

நியூ ஹாம்ப்ஷயர்,
1788 ஜூன் 14

மதிப்பிற்குரிய மைத்துனர் ஜெடிடையா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மெஹிடபெல்லும் பிள்ளைகளும் நானும் கர்த்தர் கிருபையால் சுகம். சிவப்புப் பசுவுக்கு மட்டும் குளம்பில் கோளாறு. அங்கே உங்கள் மனைவி அக்காவின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. 'நிற்க' என்று எழுதுகிறேனே தவிர, மூன்று மாதமாக நான் ஓரிடத்தில் நின்றவனில்லை. பிப்ரவரியில் எங்கள் ஊர் என்னைப் பிரதிநிதியாக மாநாட்டுக்கு அனுப்பியபோது, புது அரசமைப்புச் சட்டத்துக்கு 'வேண்டாம்' சொல்ல வேண்டும், வேறு வார்த்தை வாயில் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். நானும் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டேதான் போனேன். பத்து நாள் பேச்சைக் கேட்டதில் மனசு மாறித் தொலைத்தது. என்னைப் போல மனசு மாறியும் வாய் கட்டுண்டு கிடந்தவர்கள் நிறையப் பேர் என்பதால், ஊருக்குப் போய்க் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஜூனில் வாருங்கள் என்று மாநாட்டை ஒத்திவைத்தார்கள். இதற்குள் எட்டு மாநிலங்கள் சரி சொல்லியாயிற்று. ஒன்பது சேர்ந்தால் சட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். அந்த ஒன்பது என் ஒரு வாயில் தொங்கினாலும் தொங்கும் என்று நினைத்தால் கஞ்சி இறங்குவேனா என்கிறது.

அந்தச் சட்டம் அச்சடித்த தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் தேவாலயத்து மூப்பர் கிரம்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுக்கப் படித்துவிட்டு, "கடவுள் பேரு ஒரு இடத்துலகூட இல்லையேப்பா. நாளைக்கு போப்பாண்டவரே வந்து தலைவரா உக்காந்தா யாரு தடுப்பா?" என்றார். தலைவர் இங்கேயே பிறந்தவராக இருக்க வேண்டுமே என்றேன். "சரி, இங்கயே ஒரு போப்பு பொறந்துட்டா?" என்றார். தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். கொல்லன் ஷூபேலிடம், சட்டம் இயற்ற ஒரு சபை, நடத்த ஒரு தலைவர், தீர்ப்புச் சொல்ல நீதிபதிகள், ஒருவர் மிஞ்சினால் மற்றவர் பிடித்து இழுப்பார் என்று மூன்று மாடுகளை உதாரணம் சொன்னேன். "மூணு மாடும் மூணு பக்கம் இழுத்தா ஏரு எப்படிய்யா நகரும்?" என்றான். எரிச்சலில், "நகரக் கூடாதுன்னுதான்யா அந்த ஏற்பாடே" என்று கத்திவிட்டேன். கொல்லன் சுத்தியலைக் கீழே வைத்தான். "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நம்ம வாசலுக்கு வராத அரசாங்கம்னா எனக்குச் சம்மதம்." இந்தப் பேச்சு இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவி, என் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஊர்க்கூட்டத்தில் வழக்கம்போல் தொப்பியைச் சுற்றவிட்டார்கள். ஆமென்றால் சோள மணி, இல்லையென்றால் அவரை விதை. தொப்பி நிறையச் சோளம் விழுந்ததைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பிறகுதான் தெரிந்தது, ஊர் எழுத்தர் கேட்ட கேள்வி 'இவர் வாய்க்கட்டு நீடிக்கலாமா?' என்பது. என் ஆட்களே சோளம் போட்டு என்னை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று தொண்டை வறளக் கத்தி, மறுபடி தொப்பி சுற்றி, ஒருவழியாக 'மனசாட்சிப்படி நடந்துகொள்ளவும்' என்று எழுதி வாங்கினேன். இனி ஒரு சந்தேகமும் இல்லை. புதன்கிழமை கான்கார்டில் கூடும் மாநாட்டில் எழுந்து நின்று 'சரி' என்று சொல்வேன்.

உங்கள் கப்பல்களுக்கு நல்ல காற்றும் அக்காவின் முட்டிக்கு நல்ல தைலமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை புருஷன்,
ஏனோக் வாட்லே

பி.கு.: கடிதத்தை ஒட்ட அரக்கு உருகுவதற்குள் மெஹிடபெல் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். "'மக்களாகிய நாம்'னு ஆரம்பிச்சிட்டு, கொஞ்சம் தள்ளி 'மற்ற ஆட்கள்'னு போட்டிருக்கே, அது யாருங்க?" என்றாள். தெற்கே இருக்கும் அடிமைகள், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக அவர்களில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவார்கள் என்றேன். "அவங்களுக்காகச் சபையில யாரு பேசுவா?" அவர்களுடைய எசமான்கள் என்றேன். "ஓகோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். வாசலில் குதிரை சேணத்தோடு நிற்கிறது. முன்பு நான் எதைச் சொன்னாலும் பழி ஊர்மேல். இப்போது எதைச் சொன்னாலும் அது நான் சொன்னது. என் வாயை மறுபடி கட்டிவிடச் சொல்லிக் கேட்கலாமா என்று எழுத்தர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.