இடுக்குப் பிள்ளையாரும் இருநூறு நோட்டீஸும்

திருவண்ணாமலையில் குண்டாக இருப்பவர்களுக்கு டாக்டர் தேவையில்லை. ஊரே டாக்டர். எல்லோரும் எழுதுவது ஒரே சீட்டு: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்தும்மா, எடை கம்மியாவும்." (சுத்தினேன். பசிதான் ஜாஸ்தியானது.)

இதையெல்லாம் சிரித்தே தள்ளிவந்தேன். ஆனால் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கேட்டுப் போனபோது, கணக்கில் ஒரு கேள்விகூடக் கேட்காமல், "மூணு மாடி ஏறுவீங்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று அழுதேன். மறுநாள் இருநூறு நோட்டீஸ் அடித்தேன்: "எங்கள் எடையை நீங்கள் சுமக்கவில்லை. உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?"

பௌர்ணமி மாலையில் அண்ணியை இழுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். பின்னால் நுழைந்து, ஒருக்களித்து ஊர்ந்து, முன்னால் வெளியே வர வேண்டிய குறுகலான சன்னிதி. குண்டானவர்கள் வரிசையில் நின்றாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். நோட்டீஸ் கொடுக்க இதைவிட நல்ல இடம் ஏது?

கொடுப்பதற்குள் தூறல் பிடித்தது. நனையாமலிருக்க, நோட்டீஸ் கட்டு முழுவதையும் சுடிதாருக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போது வரிசையில் நின்ற ஒல்லி ஆசாமி ஒருவர், "இந்தம்மா உள்ள போனா ஜேசிபி தான் வரணும்" என்றார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நுழைந்தேன். தலை வந்தது, தோள் வந்தது. இடுப்பு வரவில்லை.

எதிரே நாற்பது முகங்கள். இவர்கள் சொன்னதுதான் சரியோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

பின்னாலிருந்து அண்ணி கேட்டார். "இடுப்புல என்னா வச்சிருக்க?"

"நோட்டீஸு, அண்ணி."

"அத எடுக்காம யாரு உன்ன உள்ள போவச் சொன்னது?"

கையை விட்டு உருவினார். அடுத்த நொடி நான் வெளியே கிடந்தேன். அப்பாடா! பிற்பாடு வேலை கிடைத்தபோதுகூட (வேறு பள்ளி, நாலாவது மாடி) அவ்வளவு நிம்மதி இல்லை.

வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கே அண்ணி நோட்டீஸைக் கொடுத்து முடித்தார். ஓரமாக நின்ற பருமனான அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தன் கைப்பையை அண்ணியிடம் நீட்டினார். "இத கொஞ்சம் புடிங்க. பத்து வருஷமா வெளிய நின்னே கும்புட்டுப் போறேன்." ஒல்லி ஆசாமி ஒதுங்கி வழிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் எடை கூடுவதில்லை, துணிதான் சின்னதாகிறது. போன தீபாவளிக்குப் புதுச் சட்டை பொத்தான் போட வரவில்லையென்று என் மகள் முகம் வாடி நின்றாள். அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நோட்டீஸ எடுத்தியாடி?"