விளக்கறையிலிருந்து ஒலிபரப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் ஷிப்டு சங்கு ஊதியவன் ஓய்வுபெற்று என்ன செய்யப்போகிறான் என்று கேட்டிருந்தீர்கள். ஊருக்கு வானொலி நிலையம் வந்துவிட்டது. அதன் முதல் அறிவிப்பாளர் உங்கள் அத்தான். பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம், பழைய விளக்கறைதான். சுரங்க ஆட்களின் தொப்பி விளக்குகள் தொங்கிய ஆணிகளில் இப்போது எதிரொலியைத் தடுக்கப் போர்வைகள் தொங்குகின்றன. ஒரு மைக், ஒரு சுவிட்சு, ஒரு எலெக்ட்ரீஷியன்.

குரல் தேர்வுக்கு ஒன்பது பேர் வந்தோம். தலைமையாசிரியர் அழகாகத்தான் வாசித்தார். ஆனால் அன்று கருவி வேலை செய்யவில்லை. எனக்குக் கருவியே தேவைப்படவில்லை, பஸ் நிறுத்தம் வரை கேட்டதாம். நிலையக் குழு என்னையே எடுத்துக்கொண்டது.

முதல் நாள் நான் வணக்கம் சொன்னதுமே மீட்டரில் முள் கடைசிக்குப் போய் நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் "அண்ணே, கதவுகிட்ட நின்னு பேசுங்க" என்றார், நின்றேன், பிறகு "கதவுக்கு வெளிய நின்னு பேசுங்க" என்றார், அங்கிருந்தே வாழ்த்துரையை முடித்தேன். மறுநாள் ஷிப்டுப் பட்டியல் வாசிக்கையில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட, கேன்டீன் ஆட்கள் சுரங்கத்துக்கும் வெடி வைப்பவர்கள் கேன்டீனுக்கும் போய்விட்டார்கள். அன்று சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வியாழக்கிழமை பகல் ஒலிபரப்பு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள், கூடவே சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் எதிர்வீட்டுப் பம்ப்காரரும் வந்தார்.

"மூணாம் மட்டத்துப் பம்பு இருமுது அண்ணே. தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. மேலாளர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன்" என்றார்.

"என்னங்கிறாரு?" என்றேன்.

"அடுத்த வாரம் பாக்கலாங்கிறாரு."

உங்கள் அக்கா பாத்திரத்தைத் திறந்துகொண்டே பம்ப்காரரிடம், "அடுத்த வாரம் வரைக்கும் அவரா கீழ இறங்கறாரு? ரெண்டாம் ஷிப்டுல நாப்பது பேரு இறங்கறாங்க. உங்க தம்பியும் அதுல ஒருத்தர்" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன், கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது. நாங்கள் பேசியது முழுக்க ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறது. பத்தே நிமிடத்தில் சுரங்க வாசலில் கூட்டம். சில பெண்கள் ரேடியோவையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டாம் ஷிப்டு ஆட்கள் இறங்கும் கூண்டில் ஏறாமல் அப்படியே நிற்கிறார்கள். மேலாளர் விளக்கறைக்குள் பாய்ந்து வந்தார்.

"யாரைக் கேட்டுய்யா இதெல்லாம் சொன்னீங்க?"

பயம்தான், உங்களிடம் மறைப்பானேன். ஆனாலும் சொன்னேன்: "யாரையும் கேக்கல சார். எல்லாரும் கேட்டாங்க."

அத்தனை பேர் பார்க்க வேறு வழியில்லாமல் மேலாளர் பம்ப்காரரோடு தானே கீழே இறங்கினார். ஏறி வந்தபோது கால்சட்டை தொடைவரை ஈரம். நேராக என் மைக்குக்கு வந்து, ஷிப்டு ரத்து என்று அவர் வாயாலேயே சொன்னார். மாலை ஐந்துக்குப் பம்பு ஒரேயடியாக நின்று, மூன்றாம் மட்டம் முழுகிப்போனது. அந்த நாற்பது பேரும் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியை என் குரலிலேயே கேட்டார்கள். பம்ப்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சுவிட்சை அணைக்க மறந்தேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். மறந்ததுபோல் இருந்தேன் என்பதே சரி. ஊரில் இப்போது என்னை வானொலியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆயுள் நீளவும் காது தெளிவாகக் கேட்கவும் வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். சுவிட்சை நான் ஒழுங்காகத்தான் அணைத்திருந்தேனாம். பம்ப்காரரை யோசித்து அழைத்து வந்ததும், அவர் வாய் திறக்குமுன் சுவிட்சைப் போட்டதும் அவள்தானாம். எலெக்ட்ரீஷியனுக்கு அன்றே தெரியும், நிலையக் குழுவுக்கு நேற்றுத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் அறிவிப்பாளர் உங்கள் அக்கா. எனக்குக் கூரைமேல் ஏரியல் கம்பம் காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு. அதற்கு என்னைவிட்டால் ஊரில் ஆள் இல்லை என்று அவளே சொல்கிறாள்.