முடிக்கத் தெரியாத மாப்பிள்ளை

ஹார்ல்ஸ்டன், லண்டன்
செவ்வாய்க்கிழமை

பாசமும் மரியாதையும் மிக்க ஈனிட் அக்காவுக்குத் தம்பி எக்பர்ட் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. பார்படோஸில் நீயும் உன் முழங்காலும் நலமா?

சனிக்கிழமை மகள் மார்சியாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டெரிக் ஆசிட் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன். ஆசிட் என்றதும் பயப்படாதே, பெயர்தான் அப்படி. ஜாஸும் ஃபங்க்கும் கலந்து, ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை உட்காரவிடாமல் செய்கிற சங்கதி. சர்ச் ஹாலில், "ஒரே ஒரு பாட்டு மாமா" என்று கோட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தான். அந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாதாம். டிரம்பெட் ஊதுகிற நைஜல் கையைத் தூக்கினால்தான் நிறுத்துவார்களாம். அந்த நைஜலோ, தான் உருகி உருகி ஊதும்போது ஜனங்கள் ஆட்டுக்கறிப் பக்கம் திரும்பியதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் விடாமல் வாசிக்கிறார்கள். கறி ஆறுது, பாதிரியார் ஆடுறாரு, சம்பந்தியம்மா இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே ஆடுறாங்க. கேக் வெட்டக் கத்தியோடு நின்ற மார்சியா என் காதில் சொன்னாள்: "அப்பா, இவர் கட்டிக்கிட்டது என்னையா, டிரம்ஸையா? இது நிக்கலேன்னா நான் நம்ம வீட்டுக்கே வந்துடறேன்."

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். கிட்டார் நின்றது, ஆர்கன் நின்றது, விளக்கும் போச்சு. டிரம்ஸுக்கு மின்சாரம் எதுக்கு? அரை இருட்டில் அவன் இன்னும் குஷியாக அடிக்கிறான்.

"நிறுத்துப்பா."

"நடுவுல விட்டா மரியாதையில்ல மாமா. நைஜல் வரணும்."

கழிப்பறைக் கதவைத் தட்டினேன்.

"நான் ஊதினது எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க" என்றான் நைஜல் உள்ளேயிருந்து.

"கண்ணே கலங்கிடுச்சுப்பா."

"எந்த இடத்துல?"

இத்தனை வருஷம் பஸ் ஓட்டுகிறேன், எந்த இன்ஸ்பெக்டரும் என்னை இப்படி மடக்கியதில்லை. "மேல போய்க் கீழ வந்தியே, அங்க" என்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது. "அந்த இடத்தை யாருமே கவனிக்கறதில்ல" என்றான். வந்தான், கையைத் தூக்கினான், முடிந்தது. மார்சியா கேக்கில் கத்தியை இறக்கிய வேகத்தைப் பார்த்து மாப்பிள்ளை ஓரடி தள்ளி நின்றான்.

அந்தக் கூட்டம் இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். டெரிக்கை எங்கள் பஸ் டிப்போவில் சேர்த்துவிடப்போகிறேன். அங்கேயாவது கடைசி நிறுத்தம் என்று ஒன்று வரும்.

அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் கூரையையும் கோழிகளையும் காக்கட்டும்.

உன் தம்பி,
எக்பர்ட்

பி.கு.: டிப்போ விஷயத்தை யாரிடமும் சொல்லாதே. டெரிக் சேரவில்லை; நான்தான் லீவு போட்டிருக்கிறேன். ஜெர்மனியில் கச்சேரியாம், ஹாம்பர்க் வரைக்கும் குழுவின் வேனை ஓட்ட ஆள் இல்லையாம். நைஜல் இப்போது நம் மாடியறையில்தான் தங்கியிருக்கிறான். நான் கிளம்புவதை என் பெண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. கப்பல் ஏறிய பிறகு போன் பண்ணிக்கொள்ளலாம் என்று நைஜல்தான் யோசனை சொன்னான். நல்ல பையன்.