லோவலின் வெறுந்தட்டு

துப்பாக்கி இருந்தது. குண்டு இருந்தது. காதடைப்பான் இரண்டு ஜோடி, நடுவில் கொறிக்க ஒரு டப்பா பிஸ்கட், எல்லாம் இருந்தன. போல்ட்டை மட்டும் காணவில்லை.

மார்லிஸ் பையைக் கவிழ்த்து, சுடுதளத்து மேசைமேல் உதறினாள். இரண்டு பழைய ரசீதும் ஒற்றைக் கையுறையும் விழுந்தன.

"எங்க வெச்ச?"

லோவல் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். "சாக்ஸ் வெக்கிற டிராயர்ல இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

"இருக்கணும்னுதான் நினைக்கறேன்."

துப்பாக்கியின் முதுகில் செருகி முன்னும் பின்னும் இழுக்கிற இரும்புத் தண்டுதான் போல்ட். அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் கைத்தடிதான். பத்திரத்துக்காக அதைக் கழற்றி வேறிடத்தில் வைப்பது அந்த ஊர்ப் பழக்கம். வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதும் அந்த ஊர்ப் பழக்கம்தான் என்று வையுங்கள்.

மார்லிஸ் கோபப்படவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் முப்பது வருஷமாக வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். பயத்தில் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைக்கூட நயமாகப் பேசி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் புருஷனை ஒரு தட்டில் மூன்று குண்டு போட வைப்பதா பெரிய காரியம்?

அந்தத் தட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மார்லிஸின் அப்பா ஐனாருக்கு வட மினசோட்டாக் காட்டுக்குள் ஒரு வேட்டைக் குடில் உண்டு. நவம்பர் பிறந்தால் குடும்பத்து ஆண்கள் அங்கே மான் வேட்டைக்குப் போவார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் ஐனார் ஒரு சட்டம் போட்டார். அக்டோபரின் கடைசி மூன்று சனிக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில், 'ஆப்பிள் பை' என்கிற பலகாரம் வைக்கிற காகிதத் தட்டை நூறு கஜத்துக்கு அப்பால் மாட்டி, அதில் மூன்று குண்டும் விழும்படி சுட வேண்டும். விழுந்தால் குடிலுக்குத் துப்பாக்கியோடு வரலாம். விழாவிட்டால் ஏப்ரனோடு வரலாம். சமையலும் பாத்திரமும் அந்த ஆளுடைய பொறுப்பு. அரைகுறையாக அடிபட்ட மான் எங்கேயோ புதரில் கிடந்து தவிக்கக் கூடாது என்பது கிழவரின் நியாயம். சொந்தத் தம்பியையே ஒரு வருஷம் பாத்திரம் கழுவ வைத்தார். ஊர்ப் பாதிரியாரும் தப்பவில்லை.

"நான் தவறவிட்டாலும் அதே சட்டம்தான். துப்பாக்கிய அடுப்புக்கு மேல மாட்டிட்டு ஏப்ரனக் கட்டிக்குவேன். எவனும் எனக்குச் சலுகை காட்ட வேண்டாம்" என்று வருஷா வருஷம் சொல்வார். எண்பத்தோரு வயதாகியும் அந்த ஏப்ரன் அவர் மேல் பட்டதில்லை.

லோவல் மேல் ஐந்து வருஷமாகப் பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவன் நன்றாகச் சுடுகிறவன்தான். திடீரென்று என்ன சாபமோ, ஒரு குண்டுகூடத் தட்டில் விழுவதில்லை. மார்லிஸின் தம்பிகள் ட்வேனும் க்ரெய்க்கும் போன கிறிஸ்துமஸுக்கு அவன் பெயரைத் தைத்த ஏப்ரன் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். லோவல் அதைப் போட்டுப் பார்த்து, பாக்கெட் நன்றாக இருக்கிறது என்றான். மார்லிஸுக்குத்தான் வயிறு எரிந்தது. இந்த வருஷமும் தவறினால், லோவல் தன் கையால் மரத்தில் கட்டிய பரணை க்ரெய்க்கின் மருமகனுக்குக் கொடுத்துவிடுவது என்று தம்பிகள் பேசி முடித்திருந்தார்கள்.

அதனால்தான் முதல் சனிக்கிழமையையே அவள் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு அப்பா காதுக் கருவி மாட்ட டுலூத் நகரத்துக்குப் போயிருந்தார். தம்பிகளும் கூடப் போய்விட்டார்கள். கேலி பேச ஆளில்லை. நிம்மதியாகச் சுட்டுவிட்டு வந்துவிடலாம்.

இருபது மைல் வீட்டுக்குத் திரும்ப ஓட்டினாள். சாக்ஸ் டிராயரில் சாக்ஸ்தான் இருந்தது. போல்ட் கடைசியில் அடுப்பங்கரையில், சூடான தட்டு பிடிக்கிற கையுறைக்குள் இருந்தது. திரும்பி வருவதற்குள் மணி பன்னிரண்டு. சுடுதளத்தின் பொறுப்பாளர் டொலோரஸ் வாசலைப் பூட்டச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் லோவல். அந்த மனிதனுக்கு எதற்குமே பதற்றம் கிடையாது. இருபத்தேழு வருஷமாகப் பனிச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

இரண்டாவது சனிக்கிழமை போல்ட்டை மார்லிஸ் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். அன்று தேவாலயத்தில் மீன் விருந்து. ஐனார்தான் மீன் வேகவைப்பதற்குத் தலைமை. தம்பிகள் மேசை போடப் போயிருந்தார்கள். ஆக அன்றும் தொல்லையில்லை.

லோவல் குண்டுப் பெட்டியைத் திறந்தான். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். "இது மாமாவோடது போல இருக்கே" என்றான்.

"அப்பாவோடது எப்படி நம்ம பைல வந்துச்சு?"

"அவருக்கும் சேத்துத்தான வாங்கினேன். கை மாறிடுச்சு."

மார்லிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு டொலோரஸின் அறைக்குப் போனாள். டொலோரஸ் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காதில் எப்போதும் ஒரு மஞ்சள் பென்சில். குண்டை வாங்கி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள்.

"இது உங்க அப்பா துப்பாக்கிக்குத்தான். மெலிசு. லோவலோடது தடிசு. அவன் துப்பாக்கி தட்டுல போடற ஓட்டையில இந்தப் பென்சில் சும்மா போயிட்டு வரும். உங்க அப்பா ஓட்டையில முனை மட்டும்தான் போகும். இதப் போட்டு அதுல சுட்டா நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில இருப்போம்."

"வேற இருக்கா உங்ககிட்ட?"

டொலோரஸ் அலமாரியைக் குடைந்து, யாரோ விட்டுப்போன தடித்த குண்டுகளில் பத்தைத் தேடிக் கொடுத்தாள். மார்லிஸ் வெற்றி நடையோடு திரும்பி வந்தாள். லோவல் அந்தப் பத்தையும் ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான்.

முதல் குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் லோவல் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியில், சாவித் துவாரத்தில் பார்ப்பவனைப் போல, கண்ணை ஒட்டி வைத்திருந்தான். துப்பாக்கி உதைத்தது. தொலைநோக்கியின் விளிம்பு புருவத்துக்கு மேல் பிறை நிலா ஒன்றை வரைந்துவிட்டது. ரத்தம் மூக்கின் மேலாக வழிந்து பிஸ்கட் டப்பாவுக்குள் சொட்டியது.

நாலு தையல். திரும்பும் வழியில் மார்லிஸ் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "நாப்பது வருஷமா துப்பாக்கி பிடிக்கற மனுஷன். புதுசா வந்தவன் பண்ற தப்பு."

"ஆமா" என்றான் லோவல், துணியைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த வாரம் முழுவதும் மார்லிஸ் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் அவளுக்கு ஒரு பதக்கம் கொடுப்பீர்கள். நிலவறையில் சலவை இயந்திரத்துக்கு மேல் ஒரு தட்டை ஒட்டினாள். வேலை முடிந்து வந்ததும் அவனை எதிரே உட்கார வைத்து, குண்டில்லாத் துப்பாக்கியால் குறிபார்க்க வைத்தாள். மூச்சை எப்போது விட வேண்டும் என்று புத்தகம் பார்த்துச் சொன்னாள். அவனும் சொன்னபடியெல்லாம் கேட்டான். வியாழக்கிழமை பறவைத் தீனியைத் திருட அணில் வந்தபோது, லோவல் கொல்லைக் கதவிலிருந்து ஒரு வால்நட்டை எறிந்தான். அது அணில் தொங்கிய கம்பத்தில், அணிலின் மூக்குக்கு ஓர் அங்குலம் மேலே, நச்சென்று பட்டது. அணில் ஓடியது.

"அங்க இருந்து அந்தக் கம்பம் உனக்குத் தெரியுது. தட்டு தெரியல" என்றாள் மார்லிஸ். லோவல் சூப்பைக் கிளறப் போய்விட்டான். காட்டரிசியும் காளானும் போட்டு அவன் வைக்கிற சூப் இருக்கிறதே, அதற்காகவே குடிலில் ஆண்கள் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். ட்வேன் தூரத்திலிருந்தே ஆரம்பித்தான். "மாப்ள, புருவத்துல என்ன? வெங்காயம் நறுக்கும்போது வழுக்கிடுச்சா?"

"பாத்திரம் கழுவ அதுக்கு மேல எல்லாம் கண்ணு வேண்டாம்டா" என்றான் க்ரெய்க்.

ஐனார் சிரிக்கவில்லை. சட்டத்தை வைத்துக் கேலி செய்வது அவருக்குப் பிடிக்காது. கைகள் இரண்டையும் கோட்டுப் பையில் விட்டபடி நான்காம் மேசையில் உட்கார்ந்தார். லோவல் குடுவையைத் திறந்து அவருக்கு அரைக் கோப்பை காபி ஊற்றினான். கிழவர் கொஞ்ச வருஷமாக முழுக் கோப்பை கேட்பதில்லை. தூக்கம் கெடுகிறதாம்.

மார்லிஸ் அன்று காலையிலேயே வந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஐந்து வருஷமும் லோவல் ஐனாருக்குப் பக்கத்திலேயே, ஐந்தாம் மேசையில் உட்கார்ந்துதான் தோற்றான். அவர் அருகில் இருந்தால் எவனுக்குத்தான் கை ஓடும்? ஆகவே கோடியில் பன்னிரண்டாம் மேசையைப் பிடித்துவைத்தாள்.

லோவல் அங்கே போய் உட்கார்ந்தான். உடனே எழுந்தான். மேசைக்கால் ஆடுகிறது என்றான். மார்லிஸ் தேவாலயச் செய்தித்தாளை எட்டாக மடித்துக் காலுக்கடியில் கொடுத்தாள். கண்ணில் வெயில் என்றான். அவள் தன் தொப்பியைக் கழற்றி அவன் தொப்பிமேல் மாட்டினாள். காற்று பக்கவாட்டில் வருகிறது என்றான். அவள் வண்டியை நகர்த்திக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினாள். எந்த ஊர்ப் பெண்டாட்டி இதையெல்லாம் செய்வாள் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கியில் டொலோரஸ், இன்னும் ஐந்து நிமிடத்தில் சுடத் தொடங்கலாம் என்றாள். லோவல் நான்காம் மேசைப் பக்கம் பார்த்தான். பிறகு துப்பாக்கிப் பையைத் தூக்கினான்.

"எங்க போற?"

"அஞ்சாம் மேசைக்கு."

"லோவல், அங்கதான் அஞ்சு வருஷமா தோக்கற."

"தெரியும் மார்லிஸ்." குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "ஆனா நான் அங்கதான் உக்காரணும்."

மார்லிஸ் பின்னாலேயே போய் நின்றாள். எல்லோரும் நடந்துபோய், பெயர் எழுதிய தட்டுகளைப் பலகைகளில் மாட்டிவிட்டு வந்தார்கள். காதடைப்பான்கள் ஏறின.

லோவல் சுடுவதை அன்றுதான் அவள் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தாள். அவசரமே இல்லை. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்தது. மூச்சு பாதி வெளியே வந்து நின்றது. தோள், முழங்கை, முதுகு எல்லாம் பூமியிலிருந்தே முளைத்ததுபோல அசையாமல் இருந்தன. பக்கத்து மேசையில் அப்பாவின் துப்பாக்கி வெடித்தது. அதன் எதிரொலி போல உடனே லோவலுடையது. இப்படியே மூன்று முறை. இவ்வளவு அழகாகச் சுடுகிறவனை யார் கேலி செய்ய முடியும்? இந்தத் தடவை விழுந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

சுடுதளம் அமைதியானதும் ட்வேன் போய் இரண்டு தட்டையும் எடுத்து வந்தான்.

ஐனாரின் தட்டில் மூன்று ஓட்டைகள், நடுவில், ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில். லோவலின் தட்டு கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது.

"எண்பத்தோரு வயசு" என்றான் ட்வேன், அப்பாவின் தட்டை எல்லோருக்கும் காட்டி. கிழவர் தட்டைப் பார்த்தார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷமும் ஏப்ரன் இல்லப்பா உங்களுக்கு" என்றான் க்ரெய்க். பிறகு லோவல் பக்கம் திரும்பி, "மாப்ள, பரண விட்டுடறயா?" என்றான்.

"எடுத்துக்க" என்றான் லோவல். "மூணாவது படி லொடலொடன்னு ஆடும். ஆணி அடிச்சுக்க."

மார்லிஸ் இரண்டு தட்டையும் பிடுங்கிக்கொண்டு டொலோரஸின் அறைக்கு நடந்தாள். பதிவேட்டில் எழுத அங்கேதான் கொடுக்க வேண்டும். கதவைச் சாத்தினாள். அதுவரை அடக்கிவைத்த கண்ணீர் அப்போது வந்தது.

"இன்னொரு வாய்ப்பு குடுங்க அவருக்கு. நாளைக்கு வரோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எதுக்கு?" என்றாள் டொலோரஸ்.

"எதுக்கா? ஆறு வருஷம். பதினெட்டு குண்டு. ஒண்ணே ஒண்ணு, தெரியாத்தனமாவாவது, ஒரு தட்டுல பட்டிருக்கக் கூடாதா?"

டொலோரஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நான்காம் மேசையில் லோவல் குடுவையைச் சாய்த்து ஐனாருக்கு இன்னொரு அரைக் கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தான். கிழவர் கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுத்தார். லோவல் கோப்பையை அந்த இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, நடுக்கம் அடங்கும்வரை மேலே தன் கையை வைத்திருந்தான்.

டொலோரஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். ஐனாரின் தட்டைத் தூக்கிப் பிடித்து, முதல் ஓட்டையில் விட்டாள். பென்சில் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதிலும் போனது. மூன்றாவதிலும் போனது.

"உங்க அப்பா போடற ஓட்டையில இது நுழையாது, மார்லிஸ்" என்றாள். "ஆறு வருஷமா நுழையுது."